டிவி கேமுக்குப் பூட்டுப் போட்டவர்: யார் இந்த ஹிரோஷி யமவுச்சி? மதுரையில் அந்தப் பூட்டு ஏன் செல்லுபடியாகவில்லை?

நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வீட்டு டிவியில் மாட்டியதும், நீங்கள் எந்த நாடு என்று அது கேட்கும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொன்னால் சிக்கல்தான். இந்தியாவுக்கென்று நிண்டெண்டோவின் ஈ-ஷாப் இதுவரை இல்லை. கடையே இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் கேம் மட்டுமல்ல, இலவச டெமோகூட இறங்காது.

அதனால் இங்கே ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு அமெரிக்க அக்கவுண்ட் வைத்திருப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கூடவே ஒரு ஜப்பான் அக்கவுண்டும் வைத்திருப்பார்கள். சில கேம்களின் டெமோ ஜப்பான் கடையில் மட்டும்தான் வரும், அல்லது அங்கே முதலில் வரும். நாடு ஜப்பான் என்று போட்டு ஒரு புது அக்கவுண்ட் திறந்து, அதை மெஷினில் இன்னொரு யூசராகச் சேர்த்து, அந்த யூசர் பெயரில் கடைக்குள் போனால் போதும். டெமோ இறங்கிவிடும். கார்டு நம்பர்கூடத் தேவையில்லை. இறங்கியதை உங்கள் வழக்கமான யூசரிலேயே விளையாடலாம்.

வழி சுலபம். ஆனால் அப்படி ஒரு சுற்றுவழி ஏன் தேவைப்படுகிறது? ஒரே கேம், ஒரே மெஷின், இன்டர்நெட்டும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த நாட்டுக்கு இது, அந்த நாட்டுக்கு அது?

இந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனால் 40 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிப்பில் போய் நிற்போம். அந்த சிப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 53 ஆண்டுகள் நிண்டெண்டோவின் தலைவராக இருந்த ஹிரோஷி யமவுச்சி. மரியோவைப் பெற்றவர் மியாமோட்டோ என்று பலருக்கும் தெரியும். அந்த மியாமோட்டோவுக்குச் சம்பளம் கொடுத்தவர், எந்த கேம் வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று ஒற்றை ஆளாக முடிவு செய்தவர் யமவுச்சி. இத்தனைக்கும் அவருக்கு வீடியோ கேம் விளையாடுவதில் ஆர்வமே கிடையாது. அவர் விரும்பி ஆடியது பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' விளையாட்டு. அதில் நல்ல தேர்ச்சி உள்ளவர்.

சீட்டுக்கட்டு வீட்டுப் பிள்ளை

1927 நவம்பர் 7ஆம் தேதி கியோட்டோவில் பிறந்தார் யமவுச்சி. அவருடைய கொள்ளுத்தாத்தா ஃபுசாஜிரோ 1889ல் தொடங்கிய கம்பெனிதான் நிண்டெண்டோ. அப்போது அது 'ஹனஃபுடா' என்ற பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்ற கடை.

அந்தக் குடும்பத்தில் வாரிசாக வந்தவர்கள் எல்லாம் மருமகன்கள். ஆண் பிள்ளை இல்லாததால், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் மனைவி வீட்டுக் குடும்பப் பெயரை ஏற்று கம்பெனியைப் பார்த்துக்கொள்வார். ஜப்பானில் இது வழக்கம்தான். யமவுச்சியின் தாத்தா அப்படி வந்தவர். அப்பாவும் அப்படி வந்தவர்தான், ஆனால் மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். பையனை வளர்த்தது தாத்தாவும் பாட்டியும். பல ஆண்டு கழித்து அப்பா மகனைப் பார்க்க வந்தபோது யமவுச்சி பார்க்க மறுத்துவிட்டார். அப்பா இறந்த பிறகுதான் தனக்கு வேறொரு தாய் வயிற்றில் பிறந்த தங்கைகள் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

வசேடா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1949ல் தாத்தா பக்கவாதத்தில் விழுந்தார். கம்பெனிக்கு வா என்று அழைப்பு. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன் ஒரு நிபந்தனை போட்டார். கம்பெனியில் சொந்தக்காரர் என்று தன்னைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட அண்ணனை அனுப்பிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய தொழிலாளர்கள் இந்தச் சின்னப் பையன் எங்கே தாக்குப்பிடிப்பான் என்று நினைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிர்த்த மூத்தவர்கள் பலரை வேலையை விட்டு அனுப்பினார். இனி யார் சொல்வது நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யமவுச்சியைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தை மறக்கக்கூடாது. கதவைத் திறப்பதும் சாத்துவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்ற குணம் பின்னாளில் வியாபாரத்தில் வந்ததில்லை. முதல் நாளே இருந்தது.

1953ல் பிளாஸ்டிக் சீட்டு, 1959ல் டிஸ்னி படம் போட்ட சீட்டு என்று தொழில் வளர்ந்தது. நடுவில் 1956ல் அமெரிக்கா போய், உலகிலேயே பெரிய சீட்டுக்கட்டு கம்பெனியின் ஆபீஸைப் பார்த்தார். அது அவ்வளவு சிறியதாக இருந்தது அவருக்கு அதிர்ச்சி. இந்தத் தொழிலில் உச்சிக்குப் போனாலும் இவ்வளவுதானா? திரும்பி வந்து டாக்ஸி கம்பெனி நடத்தினார், உடனடிச் சோறு விற்றார். எதுவும் பெரிதாக நிற்கவில்லை. 1960களின் நடுவில் சீட்டு மெஷின்களைப் பராமரிக்க வந்த குன்பே யோகோய் என்ற இளைஞர், நேரம் போகாமல் செய்துவைத்திருந்த நீட்டி மடக்கும் கையைப் பார்த்தார். இதை விற்கலாம் என்றார். 1966ல் வந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கிருந்துதான் நிண்டெண்டோ பொம்மைக் கம்பெனியானது.

1977ல் டிவியில் மாட்டி விளையாடும் முதல் பெட்டியை விட்டார்கள். அதன் பெயர் 'கலர் டிவி-கேம்'. நம்ம ஊரில் இன்றைக்கும் பெரியவர்கள் எந்த கன்சோலைப் பார்த்தாலும் டிவி கேம் என்பார்கள். தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பூட்டு எப்படி வந்தது?

1983 ஜூலை 15ஆம் தேதி ஜப்பானில் ஃபாமிகாம் வந்தது. விலை 14,800 யென். விலையைக் குறைப்பதற்காக யமவுச்சி செய்த காரியம் சூதாட்டத்துக்குச் சமம். சிப் செய்யும் ரிக்கோ கம்பெனியிடம் 30 லட்சம் சிப் எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அவருடைய ஆட்களே நம்பாத எண்ணிக்கை அது. விற்பனை தொடங்கியதும் சில மெஷின்கள் பாதியில் நின்றுபோயின. பழுதானதை மட்டும் மாற்றிக் கொடுக்கலாமே என்று யோசிக்கவில்லை. விற்ற எல்லாவற்றையும் திரும்ப வாங்கி போர்டை மாற்றச் சொன்னார். கைக்காசு நிறையப் போனது, பெயர் நின்றது.

அதே சமயம் அமெரிக்காவில் வீடியோ கேம் தொழில் தரைமட்டமாகிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அட்டாரி பெட்டிக்கு கேம் செய்து விற்கலாம் என்ற நிலை. குப்பை கேம்கள் மலைபோல் குவிந்தன. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1983ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் சந்தை 1985ல் சுமார் 10 கோடி டாலருக்குச் சுருங்கியது. விற்காத அட்டாரி கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பள்ளம் தோண்டிப் புதைத்த கதை பலரும் கேள்விப்பட்டதுதான்.

அந்தச் சுடுகாட்டில்தான் யமவுச்சி கடை போடப் பார்த்தார். அமெரிக்கக் கிளையை நடத்தியது அவருடைய மருமகன் மினோரு அரகாவா. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் என்.இ.எஸ் என்ற பெயரில் பெட்டி இறங்கியது. உள்ளே இருந்தது ஃபாமிகாம்தான், வெளிச்சட்டை மட்டும் வேறு. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம். முதலில் வையுங்கள், விற்றதற்கு மட்டும் காசு கொடுங்கள், மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று பேசித்தான் உள்ளே நுழைய முடிந்தது. கடையில் டிவியோடு பெட்டியை வைத்து, வருகிறவர்களை விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். பின்னாளில் 12 கேசட்டுகள்வரை செருகி நேரக் கணக்கில் விளையாட விடும் ஒரு டெமோ பெட்டியையே கடைகளுக்காகச் செய்தார்கள். இன்றைக்கு நீங்கள் டவுன்லோடு செய்யும் டெமோவின் மூதாதை அதுதான். ருசி பார்த்துவிட்டு வாங்கு என்பது நிண்டெண்டோ தானே சொல்லிக்கொடுத்த பழக்கம்.

அந்த அமெரிக்கப் பெட்டிக்குள் ஜப்பான் பெட்டியில் இல்லாத ஒன்று இருந்தது. 10-நெஸ் என்ற பூட்டு சிப்.

மாட்டுச்சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிடி சரியாக இருந்தால் பேச்சு நகரும், தப்பினால் கையை உதறிவிடுவார்கள். (நம்ம மாட்டுத்தாவணிக்குப் பெயர் வந்ததே அப்படி ஒரு சந்தையால்தான்.) 10-நெஸ் செய்ததும் அதேதான். மெஷினுக்குள் ஒரு சிப், கேசட்டுக்குள் ஒரு சிப். இரண்டும் விடாமல் ஒரே ரகசிய எண் வரிசையைப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசை தப்பினால் மெஷின் தன்னைத்தானே திரும்பத் திரும்ப ரீசெட் செய்துகொள்ளும். கேம் ஓடாது.

கேசட்டுக்குள் போக வேண்டிய சிப் நிண்டெண்டோவிடம் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே கேம் செய்கிறவர்கள் யமவுச்சியின் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். வந்தால் நிபந்தனைகள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 5 கேம்தான் விடலாம். அந்த கேம் 2 ஆண்டுக்கு வேறு யாருடைய மெஷினிலும் வரக்கூடாது. கேசட்டை நிண்டெண்டோதான் தயாரிக்கும், காசை முன்கூட்டியே கட்ட வேண்டும். குப்பை சேராமல் இருக்க வழி என்று பார்த்தால் இதில் நியாயம் உண்டு. அட்டாரி செத்த விதத்தைப் பார்த்தவர் வேறு எப்படி யோசிப்பார்?

ஆனால் அதே சிப்பில் இன்னொரு வேலையும் செய்தார்கள். அமெரிக்காவுக்கு ஒரு குறியீடு, ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு ஒன்று, பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அமெரிக்காவில் வாங்கிய கேசட் லண்டன் மெஷினில் ஓடாது. இரண்டுமே நிண்டெண்டோ தன் கையால் செய்த, தன் முத்திரை குத்திய அசல் சரக்கு. இதில் தரம் எங்கே வந்தது? எந்த நாட்டில் எப்போது விற்பது, என்ன விலை, யார் டீலர் என்பதைக் கையில் வைத்துக்கொள்ள வந்த வசதி இது. குப்பையைத் தடுக்கப் போட்ட வேலிக்குள், ஆளைப் பிரிக்கிற வேலியும் சத்தமில்லாமல் நட்டுவிட்டார்கள். நாடு பார்த்து கேம் கொடுக்கும் பழக்கம் மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது இதற்குப் பிறகுதான்.

பூட்டை உடைக்கவும் பார்த்தார்கள். அட்டாரி கேம்ஸ் கம்பெனி, 10-நெஸ் சிப்பின் புரோகிராம் நகலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து தவறான காரணம் சொல்லி வாங்கி, அதைப் பார்த்துத் தன் சாவியைச் செய்தது. வழக்கு நடந்தது. 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோ பக்கம் நின்றது.

பூட்டில்லாத பெட்டி மதுரைக்கு வந்தது

இப்போது நம்ம பக்கம் வருவோம். இந்தக் கதையில் யமவுச்சி கணக்குப் போடாத பக்கம் இது.

1983ல் ஜப்பானில் வந்த ஃபாமிகாமில் பூட்டு சிப் கிடையாது. அதன் கேசட்டில் 60 பின். அமெரிக்கப் பெட்டியின் கேசட்டில் 72 பின். பூட்டு சிப் பேசிக்கொள்வதற்கான பின்களும் அதில்தான். தைவானிலும் பிறகு சீனாவிலும் நகல் மெஷின் செய்தவர்கள் எதை நகலெடுப்பார்கள்? பூட்டு இல்லாததைத்தான். ரஷ்யாவில் 'டெண்டி' என்று விற்றது அந்த வகை. இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் நிண்டெண்டோவின் அசல் பெட்டி விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் 90களில் மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலும் வீட்டு டிவிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் நகல்தான். மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள்.

டயனோரா, சாலிடேர் டிவிக்குப் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இந்த ஒயரைச் செருக வேண்டும். பிறகு சேனல் திருகைத் திருகித் திருகிப் படம் வரவைக்க வேண்டும். வீட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடும் கடைகள் இருந்தன. சித்திரைத் திருவிழா லீவில் அந்தக் கடைகளில் இடம் கிடைக்காது. '9999 இன் 1' என்று எழுதிய கேசட்டில் உண்மையில் ஒரு சில கேம்தான் இருக்கும். அதே கேம் வேறு பெயரில், வேறு லெவலில் திரும்பத் திரும்ப வரும். படம் கோடு கோடாக வந்தால் கேசட்டை எடுத்து உஃப் என்று ஊதிப் போடுவோம். அமெரிக்கப் பிள்ளைகளும் அதே காலத்தில் அதேபோல் ஊதிக்கொண்டிருந்தார்கள். அங்கே பின் சரியாகப் படாவிட்டால் பூட்டு சிப்புகளுக்குள் பேச்சு அறுந்து, மெஷின் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எச்சில் ஈரம் பட்டால் பின் கெட்டுப்போகும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோ சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்?

நகல் கேசட்டில் வந்த கேம்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். செங்கல் சுவர்களுக்கு நடுவே டாங்க் ஓட்டி, கீழே இருக்கும் கழுகைக் காப்பாற்றுவோமே, அது நாம்கோ கம்பெனி 1985ல் விட்ட 'பேட்டில் சிட்டி'. சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையத்தைத் தாண்டும் 'சர்க்கஸ் சார்லி'யும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தலைமுறைக்கு இவை இரண்டும் தெரியாமல் இருக்காது. ஆனால் இரண்டின் ஃபாமிகாம் வடிவமும் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் என்.இ.எஸ் கேசட்டாக வெளிவரவே இல்லை. ஜப்பானுக்கு மட்டும் என்று வைத்திருந்த சரக்கு. சியாட்டிலில் அசல் மெஷின் வைத்திருந்த பையனுக்குக் கிடைக்காத கேமை செல்லூர்ப் பையன் லீவு முழுக்க விளையாடினான். நமக்கு அது ஜப்பான் கேம் என்றுகூடத் தெரியாது.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றதாக நிண்டெண்டோ சொல்லும் கணக்கில் இந்த நகல் பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. அந்த கேம்களைச் செய்தவர்களுக்கு இங்கிருந்து ஒரு பைசா போகவில்லை. இந்தப் பக்கம் இத்தனை லட்சம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற தகவலும் போகவில்லை. கியோட்டோவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்கு இந்தியா ஒரு வெற்று இடம். வெற்று இடத்தில் யார் கடை போடுவார்கள்? கடை இல்லாததால் அடுத்த தலைமுறையும் நகலுக்குப் போனது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் சிப் போட்ட மெஷின் வேண்டுமா, போடாததா என்று கடைக்காரரே கேட்டது அதன் தொடர்ச்சி. அந்த சிப் நாட்டுப் பூட்டையும் திறந்தது, திருட்டு டிஸ்க்குக்கும் வழிவிட்டது. இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது வாங்குகிறவருக்குப் புரியவில்லை. புரியவைக்க இங்கே ஆளும் இல்லை.

பூட்டு அவர் பக்கமே திரும்பியபோது

1992ல் சியாட்டில் நகரின் மரினர்ஸ் பேஸ்பால் அணி ஊரை விட்டுப் போகும் நிலை. அணியை வாங்கி இங்கேயே வைத்திருக்க யாராவது வரமாட்டார்களா என்று தேடினார்கள். நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைமையகம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கோரிக்கை யமவுச்சியிடம் போனது. பேஸ்பாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. இருந்தாலும், அந்த ஊர் தன் கம்பெனிக்கு நல்லது செய்திருக்கிறது என்று பணம் போட முன்வந்தார்.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவின் தேசிய விளையாட்டில் ஒரு அணியை ஜப்பான்காரர் வாங்குவதா? கடைசியில் பெரும்பங்கு பணம் அவருடையதாக இருந்தும், ஓட்டுரிமையில் பாதிக்கும் குறைவுதான் அவருக்கு என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். நாடு பார்த்து ஆளை உள்ளே விடுவது என்றால் என்ன என்று அந்த ஆண்டு யமவுச்சிக்கு அடுத்த பக்கத்திலிருந்து தெரிந்திருக்கும். அவர் அதை அப்படி நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. அந்த அணியின் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் மைதானத்தில் போய்ப் பார்த்ததில்லை.

1990 முதல் வந்த சூப்பர் ஃபாமிகாம், நிண்டெண்டோ 64 ஆகியவற்றிலும் நாட்டுப் பூட்டு தொடர்ந்தது. கேசட்டின் உருவத்தைக்கூட நாட்டுக்கு நாடு மாற்றினார்கள். ஆனால் 1989ல் யோகோய் குழு செய்த கையடக்க கேம் பாயில் அந்தப் பூட்டு இல்லை. டோக்கியோவில் வாங்கிய கேசட் உலகத்தில் எந்த கேம் பாயிலும் ஓடும். அதனால் நிண்டெண்டோவுக்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. கேம் பாயும் அதன் கலர் வடிவமும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றன. பூட்டு இல்லாவிட்டால் வியாபாரம் கெடும் என்ற வாதத்துக்கு அவருடைய கம்பெனிக்குள்ளேயே பதில் இருந்தது.

2002 மே மாதம் யமவுச்சி பதவி விலகினார். நாற்காலியை மருமகனுக்குக் கொடுக்கவில்லை. அரகாவா அதற்கு முன்பே விலகியிருந்தார். குடும்பத்துக்கு வெளியே இருந்து, புரோகிராமராக வளர்ந்த சதோரு இவாட்டாவைத் தேர்ந்தெடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கதவைக் கையில் பிடித்திருந்தவர் சாவியை அந்நியர் ஒருவரிடம் கொடுத்தது பெரிய விஷயம்தான். இரண்டு திரை வைத்த மெஷின் செய்யலாமே என்று ஓய்வுக்குப் பிறகும் யோசனை சொன்னார். அது நிண்டெண்டோ டிஎஸ் ஆகி 15 கோடிக்கு மேல் விற்றது. 2008ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை ஜப்பானின் முதல் பணக்காரராகப் பட்டியலிட்டது. கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் புற்றுநோய்ப் பிரிவு கட்ட 700 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார். 2013 செப்டம்பர் 19ஆம் தேதி நிமோனியாவால் இறந்தார். வயது 85.

இன்றைக்கு டெமோ தேடுகிறவருக்கு

அவர் போன பிறகு பூட்டு என்ன ஆனது? சோனி 2006ல் பிளேஸ்டேஷன் 3 கேம்களிலேயே நாட்டுப் பூட்டைத் தளர்த்திவிட்டது. நிண்டெண்டோதான் பிடிவாதமாக இருந்தது. வீ, 3டிஎஸ், வீ யு எல்லாவற்றிலும் பூட்டு. அமெரிக்காவில் வெளியிடாமல் நிறுத்திவைத்திருந்த 3 கேம்களுக்காக ரசிகர்கள் 2011ல் ஒன்றுசேர்ந்து பிரச்சாரம் செய்யும் அளவுக்குப் போனது. கடைசியில் 2017 மார்ச் 3ஆம் தேதி வந்த ஸ்விட்சில் பூட்டைக் கழற்றினார்கள். அதனால்தான் ஜப்பான் டெமோ இன்றைக்கு மதுரை டிவியில் ஓடுகிறது. கேமுக்குப் பூட்டு இல்லை, கடைக்குத்தான் இருக்கிறது.

ஜப்பான் அக்கவுண்டில் டெமோ இறக்குகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெமோ இலவசம் என்பதால் சிக்கல் இல்லை. பிடித்துப்போய் முழு கேமையும் அதே கடையில் வாங்கலாம் என்றால், 2025 மார்ச் முதல் ஜப்பான் ஈ-ஷாப் வெளிநாட்டு கார்டுகளை ஏற்பதில்லை. டெமோவில் விளையாடிச் சேமித்தது முழு கேமுக்கு அப்படியே வருமா என்பது கேமுக்கு கேம் மாறும். அமெரிக்கக் கடையில் வாங்கினால் ஜப்பான் டெமோவின் சேமிப்பு சேராமல் போகலாம். எழுத்து ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. அங்கே டெமோவுக்கு 'தைக்கென்பன்' என்று பெயர். அந்த மூன்று எழுத்தின் வடிவத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் கடையில் தேடுவது சுலபம்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தியக் கடையே இருப்பதால் இந்த அவஸ்தை குறைவு. ஆனால் அங்கே ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நிண்டெண்டோவில் மாற்றலாம்.

இன்னொன்று. 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2ஐ ஜப்பானில் இரண்டு விதமாக விற்கிறார்கள். வெளிவந்தபோது எல்லா மொழியும் உள்ளதன் விலை 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளதன் விலை அப்போது 49,980 யென். விலையைப் பார்த்துவிட்டு, டோக்கியோ போகும் நண்பரிடம் குறைந்த விலை மெஷினை வாங்கிவரச் சொல்லாதீர்கள். அதில் ஜப்பான் அக்கவுண்டைத் தவிர வேறு எந்த நாட்டு அக்கவுண்டையும் சேர்க்க முடியாது.